கடலுக்கு யார் பட்டா கொடுப்பார்கள்? கொரோனா நிவாரணம் விட்டுப்போன கணக்கு

கொரோனா ஊரடங்கு தொடங்கியதும் 'விவசாயிகளுக்கு 2,000 ரூபாய்' என்று ஒரு அறிவிப்பு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 8.7 கோடி விவசாயிகளின் வங்கிக் கணக்கில் ஏப்ரல் முதல் வாரத்தில் பணம் ஏறும் என்று 2020 மார்ச் 26 அன்று நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஆனால் அது புதுப் பணம் இல்லை. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு மூன்று தவணையாகத் தரும் 6,000 ரூபாயில் ஒரு தவணையை முன்கூட்டியே கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

அதையும் வாங்க, குடும்பத்தின் பெயரில் நிலம் இருக்கணும். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்குக் கிடையாது. எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் வலை வீசுகிறவருக்கும் கிடையாது. அவருடைய வயல் ஆறும் கடலும்தான். அதுக்கு யார் பட்டா கொடுப்பார்கள்?

மீனவர்களுக்கு என்ன கிடைத்தது?

2020 ஏப்ரல் 10 அன்று மீன்பிடித் தொழிலுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு கிடைத்தது. அஞ்சே நாளில் தடைக்காலம் வந்துவிட்டது. அந்த ஆண்டு மட்டும் 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்தார்கள். விசைப்படகுகளுக்குத்தான் தடை, ஃபைபர் படகு போகலாம். சரி, பிடித்த மீனை எங்கே விற்பது? சந்தையில் கூட்டம் சேரக் கூடாது, மின்சார ரயில் ஓடவில்லை. கூடை சுமந்து விற்கும் பெண்களுக்கு வழியே இல்லை. அவர்களைப் போன்ற தெரு வியாபாரிகளுக்கு என்று ஜூன் மாதம் வந்த திட்டமும் 10,000 ரூபாய் கடன்தான், நிவாரணம் இல்லை.

ரேஷன் அட்டைக்குக் கிடைத்த 1,000 ரூபாய் பொதுவானது. தடைக்கால நிவாரணமான 5,000 ரூபாய், கொரோனாவுக்கு முன்பே இருந்தது. அதை 47 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு சுமார் 106 ரூபாய். அதே ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு ஆளுக்குக் கூலி 256 ரூபாய்!

'பட்டா கேட்காமல் கொடுத்தால் மோசடி நடக்கும்' என்பார்கள். பட்டா கேட்ட திட்டத்தில் என்ன நடந்தது? 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் வெடித்த பி.எம். கிசான் முறைகேட்டில், தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு சுமார் 110 கோடி ரூபாய் போயிருந்தது.

வேறு வழி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் வந்த கேர்ஸ் சட்டம், மீன்பிடித் துறைக்கென்று தனியாக 30 கோடி டாலர் ஒதுக்கியது. முந்தைய ஐந்தாண்டு சராசரியைவிட வருமானம் 35 சதவீதத்துக்கு மேல் குறைந்தவர்கள் தகுதியானவர்கள். அங்கே கேட்டது 'எவ்வளவு இழந்தாய்?' என்று. இங்கே கேட்பது 'எவ்வளவு நிலம் வைத்திருக்கிறாய்?' என்று.

இது பழைய கதை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோதும், பாதிக்கப்பட்ட 2,300-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் என்று ஒரே தொகைதான் அறிவித்தார்கள். தொழில் பத்து நாள் நின்றாலும் இரண்டு மாதம் நின்றாலும் அதே தொகை. தடைக்கால நிவாரணம் இப்போது 8,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நல்லதுதான். ஆனாலும் 61 நாளுக்கு வகுத்தால், நாளுக்கு சுமார் 131 ரூபாய்தான்.

செய்ய வேண்டியது பெரிய விஷயம் இல்லை. மீனவர் அடையாள அட்டை ஏற்கெனவே இருக்கிறது. ஆற்றில் இறால் பிடிப்பவர்களையும் மீன் விற்கும் பெண்களையும் அவரவர் பெயரிலேயே பதிவு செய்யணும். தொழில் நின்ற ஒவ்வொரு நாளுக்கும், குறைந்தது நூறு நாள் வேலைக் கூலி அளவுக்காவது பணம் போகணும். பேரிடர் வந்த பிறகு பட்டியல் எடுக்க ஆரம்பித்தால், கையில் காகிதம் உள்ளவர்தான் முதலில் வாங்குவார். பட்டியலை இப்போதே எடுங்கள்.