அரும்பு என்பது சாதிப் பெயர் அல்ல

மேல்பட்டாம்பாக்கம் காலனித் தெருப் பிள்ளை நான். இன்று முனைவர் பட்ட ஆய்வாளர். மூன்றாம் வகுப்பில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. "இதுங்களுக்கு அவ்வளவுதான் ஏறும்" என்று ஆசிரியர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அடுத்து வந்த ஆசிரியை தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் படித்தேன். என் தலை அதேதான், ஆசிரியர்தான் மாறினார்.

கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022இல் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம் இது. பின்தங்கும் பிள்ளையை முளையிலேயே கண்டறிந்து கைகொடுப்பதை வரவேற்கிறோம். ஆசிரியர் பயிற்சி நடப்பதிலும் குறையில்லை.

ஆனால் செயலியில் மதிப்பெண் ஏறும். ஆசிரியர் மனதில் உள்ள சாதி ஏறாது. 'அரும்பு' என்றாலே சேரிப் பிள்ளை என்று எண்ணுகிறவர் கையில், அந்தப் பிள்ளை கடைசிவரை அரும்பாகவே நிற்கும்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை தந்தது. சாதிப் பாகுபாடு குறித்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றது. அதைத் தனிச் சடங்காக்காமல் இந்தப் பயிற்சிக்குள்ளேயே சேருங்கள். எத்தனை பிள்ளைகள் எத்தனை மாதம் அரும்பிலேயே தங்கினார்கள் என்ற கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் முன் வையுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுமா என்ற கேள்விக்கு, சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நிறுவிய நந்தனார் பள்ளி நூறாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. இது ஆசிரியர்களுக்கு எப்போது ஏறும்?