வானத்தில் போனவர்

கணவர் ஓட்டும் ஸ்கூட்டரில் முதன் முதலாக ஏறி உட்கார்ந்த நாள் ஞாபகம் இருக்கிறதா, சகோதரிகளே? கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக்கொண்டிருப்பீர்கள்! 1912-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் லிண்டா என்ற ஆங்கிலப் பெண்மணி அதைவிடப் பெரிய துணிச்சலைச் செய்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கணவர் ஓட்டிய விமானத்தில் ஏறி ஆங்கிலக் கால்வாயையே தாண்டிவிட்டார்!

கணவர் பெயர் வில்லியம் ரோட்ஸ்-மூர்ஹவுஸ். உடன் ஒரு பத்திரிகைக்காரரும் இருந்தார். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் கால்வாயைக் கடந்த முதல் விமானி வில்லியம்தான். இறங்கும்போது விமானம் நொறுங்கியது. நல்ல வேளை, மூவரும் பிழைத்தார்கள்.

1914-ல் ஆண் குழந்தை பிறந்தது. அதே வருஷம் யுத்தமும் வந்தது. வில்லியம் விமானப் படையில் சேர்ந்தார்.

1915 ஏப்ரல் 26. பெல்ஜியத்தில் கூர்த்ரே என்ற ஊரின் ரயில் சந்திப்பு வழியாக ஜெர்மானியப் படைகள் போர்முனைக்குப் போய்க்கொண்டிருந்தன. அதைத் தகர்க்க வேண்டும் என்பது உத்தரவு. மரச் சட்டமும் துணியுமாகச் செய்த விமானம். நூறு ராத்தல் குண்டு ஒன்று. பாரம் தாங்காது என்று துணைக்கு ஆள்கூட இல்லாமல் வில்லியம் தனியாகப் புறப்பட்டார்.

குறி தப்பக்கூடாதென்று சுமார் முந்நூறு அடி உயரத்துக்குத் தாழ்ந்து வந்து குண்டைப் போட்டார். கீழேயிருந்து துப்பாக்கிகள் சடசடவென்று வெடித்தன. வயிற்றிலும் தொடையிலும் குண்டுகள் பாய்ந்தன. அங்கேயே இறங்கியிருந்தால் எதிரிகளின் வைத்தியமாவது கிடைத்திருக்கும். அவரோ முப்பத்தைந்து மைல் பறந்து, பிரான்ஸில் மெர்வில் என்ற ஊரிலிருந்த தம் முகாமுக்கே திரும்பினார். "முதலில் தகவல், பிறகு வைத்தியம்" என்று பிடிவாதம் பிடித்து, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது இருபத்தேழு.

விக்டோரியா கிராஸ் விருது பெற்ற முதல் விமானி அவரே. ஒருவேளை தாம் திரும்பாவிட்டால் மகனுக்குச் சேரட்டும் என்று ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தார். அதைப் படிக்கவேண்டிய பிள்ளைக்கு அப்போது ஒரு வயதுதான் ஆகியிருந்தது!

அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன ஆனான் தெரியுமா? அவனும் விமானியானான். 1940 செப்டம்பர் 6-ந் தேதி, தென் இங்கிலாந்தின் வானத்தில் நடந்த சண்டையில் மாண்டான். இருபத்தாறே வயது. டார்செட்டில், பார்ன்ஹாம் என்ற குடும்பத்து நிலத்தில், தகப்பனுக்குப் பக்கத்திலேயே அவனையும் அடக்கம் செய்தார்கள்.

விமானத்தில் போவது என்றால் என்னவென்று கேள்விப்பட்டு அறிந்தவரல்ல லிண்டா. தாமே ஏறி, விழுந்து, எழுந்து வந்தவர். என்ன நேரக்கூடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு முறை கணவருக்காகக் காத்திருந்தார். இருபத்தைந்து வருஷம் கழித்து மகனுக்காகவும் காத்திருந்தார். வில்லியத்தின் வீரத்துக்கு விருது இருக்கிறது. இந்த அம்மாளின் தைரியத்துக்கு என்ன பெயர் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்!