ஓட்டோபானில் பறக்கலாம், ட்ராக்கில் படிக்கக் கூடாதோ?

எங்கடை சனத்துக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி இரண்டே இரண்டு கருத்துத்தான் இருக்கிறது. பெற்றோரைக் கேட்டால் அது ஆளைக் கொல்லுகிற சாமான். பொடியளைக் கேட்டால் அது ஆளைக் காட்டுகிற சாமான். எல்லா விடயத்திலும் சண்டை பிடிக்கிற இந்த இரண்டு பகுதியும் ஒன்றில் மட்டும் ஒற்றுமை. வேலைக்கு ஓடுகிற சாதாரண மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் றேஸ் ட்ராக்கில் ஓடிப் பழகுகிறவன் விசரன். பெற்றோருக்கு அவன் காசைக் கரியாக்குகிற விசரன். பொடியளுக்கு, பழைய சாமானோடு போய்ச் சிரிப்புக்கு இடமாகிற விசரன்.

அந்த விசரன்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

முதலில் பெற்றோரின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் அந்த ஊரில் இருந்து வந்தவன்தான். எங்களுக்கு மோட்டார் சைக்கிள் விளையாட்டுச் சாமானாக ஒருநாளும் இருந்ததில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின காலம். 1995 இடப்பெயர்வில் ஒரு வீட்டுச் சாமான் முழுவதும் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வாகனத்தைக் கும்பிடத்தான் தோன்றும். இங்கே வந்த பிறகும் அகதி விண்ணப்பம் முடியும்வரை எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட அந்தக் காலத்தில் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. அந்த வாழ்க்கையில் இருந்து வந்தவனுக்கு, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடக் காசு கட்டுகிறது விசர் வேலையாகத்தான் தெரியும். விளங்குகிறது.

ஆனால் எங்கள் பிள்ளைகள் ஓடுவது மண்ணெண்ணெயில் ஓடின ஹொண்டாவை இல்லை. ஜேர்மனியில் 18 வயதில் ஏ2 லைசன்ஸ் எடுக்கலாம், 35 கிலோவாட் வரை ஓடலாம். இரண்டு வருடம் கழித்து இன்னொரு செய்முறைச் சோதனை பாஸ் பண்ணினால் எல்லைக் கட்டுப்பாடே இல்லை. 20 வயதுப் பொடியன் 200 குதிரைவலு மோட்டார் சைக்கிளைச் சட்டப்படி வாங்கி ஓடலாம். வாங்கியும் கொடுக்கிறோம். அழுது, சத்தம் போட்டு, இரண்டு மாதம் கதைக்காமல் இருந்து, கடைசியில் வாங்கிக் கொடுக்கிறோம். கொடுத்த பிறகு செய்கிற ஒரே பாதுகாப்பு வேலை, கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது.

சரி, வாங்கின பொடியன் அதன் வேகத்தை எங்கே பார்க்கிறான்? வுப்பர்டாலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இது மேடும் பள்ளமுமான நகரம். நகரத்தை விட்டு எந்தப் பக்கம் இறங்கினாலும் பேர்கிஷ் நாட்டு வளைவுகள்தான். வுப்பர் ஆற்றோரம் கோல்ஃபூர்ட் பக்கத்தால் மியூங்ஸ்டன் பாலத்தடிக்குப் போகிற றோட்டில் கோடைகால ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். வடிவான றோட்டுத்தான். ஒரு பக்கம் மரம், மற்றப் பக்கம் இரும்புத் தடுப்பு. வளைவுக்கு அங்காலை உழவு இயந்திரம் நிற்கலாம், சைக்கிளில் ஒரு குடும்பம் வரலாம், மழைக்கு அடித்து வந்த மண் கிடக்கலாம். 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 28 மீற்றர் போகிறோம். கண் கண்டு, மூளை விளங்கி, கை பிறேக்கைத் தொடுவதற்குள் அந்தத் தூரம் முடிந்துவிடும். ஜேர்மனியில் வருடத்துக்குச் சுமார் 500 பேர் மோட்டார் சைக்கிளில் சாகிறார்கள். அவர்கள் சாவது றேஸ் ட்ராக்கில் இல்லை, எங்கள் வீட்டுப் பக்கத்து றோட்டுகளில்.

சட்டமும் பழைய சட்டம் இல்லை. 2017 ஒக்டோபரில் இருந்து றோட்டில் போட்டி ஓடுவது தண்டனைச் சட்டத்தின் 315 டி பிரிவில் குற்றம். முன்னர் போல அபராதத்தோடு போகிற விடயம் இல்லை. சிறை வரை போகும். ஆள் செத்தால் பத்து வருடம் வரை. கனபேருக்குத் தெரியாத ஒன்று: பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கத் தேவையில்லை. இயலுமான உச்ச வேகத்தைத் தொடுவதற்காக விதியை மிதித்து, யாரையும் மதிக்காமல் தனியாக ஓடினாலும் அதே பிரிவுதான். வதிவிட அனுமதியோடு இருக்கிறவனுக்கு, ஜேர்மன் குடியுரிமைக்குப் போட்டுவிட்டு இருக்கிறவனுக்கு ஒரு குற்றத் தீர்ப்பு என்றால் என்ன என்று எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இனி ட்ராக் நாள் என்றால் என்ன என்று சொல்கிறேன். பெயரைக் கேட்டவுடன் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்த றேஸை நினைக்கிறார்கள். பயிற்சியாக நடத்தப்படுகிற நாளில் கிண்ணமும் இல்லை, முதலாம் இடமும் இல்லை. காலையில் கூட்டி வைத்துக் கொடிகளின் அர்த்தம் சொல்வார்கள், எங்கே முந்தலாம், எங்கே முந்தக் கூடாது என்று சொல்வார்கள். அனுபவத்தைப் பார்த்துக் குழு பிரிப்பார்கள். புதியவர்களுக்கு முன்னால் பயிற்றுநர் ஓடுவார், பின்னால் நாங்கள் வாத்துக்குஞ்சு போல ஓடுவோம். இருபது நிமிடம் அளவில் ஓட்டம், பிறகு ஓய்வு, பிறகு கதை. எதிரில் வாகனம் வராது. மரம் இல்லை. வழுக்கி வெளியே போனால் புல்லும் சரளைக்கல்லும். அம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கும்.

அங்கே படிக்கிறது வேகம் இல்லை. முதலில் படிக்கிறது பார்வை. மோட்டார் சைக்கிளில் எதைப் பார்க்கிறாயோ அங்கேதான் போவாய். பயந்து தடுப்பைப் பார்த்தால் தடுப்பில்தான் போய் நிற்பாய். இரண்டாவது, சரிவு. வளைவில் விழுந்தவர்களில் கனபேருக்கு மோட்டார் சைக்கிள் இன்னும் சரியக்கூடிய இடம் மிச்சம் இருந்திருக்கும். ஆனால் ஆள் பயந்து நிமிர்த்திப் பிறேக்கைப் பிடித்து நேரே வெளியே போயிருப்பான். மூன்றாவது, பிறேக். 2017இல் இருந்து ஐரோப்பாவில் புதிதாகப் பதிகிற, 125 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ் கட்டாயம். இருந்தும் முழுப் பலத்தோடு முன் பிறேக்கைப் பிடிக்க எங்கள் கைக்குத் தைரியம் வராது. அதை அதே இடத்தில், அதே வளைவுக்கு முன்னால், முப்பது தரம் பிடித்துப் பழகினால்தான் வரும். றோட்டில் இதைப் பழக இடம் இல்லை.

ஏன் தினசரி ஓடுகிற மோட்டார் சைக்கிள்? வேறொன்றை வாடகைக்கு எடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். எடுக்கலாம். ஆனால் திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு மழைக்குள் வேலைக்குப் போகப்போவது எந்தச் சாமானில்? அதன் பிறேக்கையும் அதன் ரயரையும்தான் உன் கை அறிய வேண்டும். என்னுடையது 650 சிசி சுசுக்கி, வயதும் போய்விட்டது. முதல் நாள் போனபோது பக்கத்தில் நின்றவர்களின் மோட்டார் சைக்கிள்கள் கப்பல் மாதிரி மினுங்கின. நேர்ப் பாதையில் அவர்கள் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். வளைவுக்குள் அவர்களில் பாதிப்பேர் என் முன்னால் நின்றார்கள். காசு கொடுத்து வாங்கின குதிரைவலு நேர்ப் பாதையோடு முடிந்துவிட்டது. எங்கள் பொடியள் இதை ஒருதரம் கண்ணால் கண்டால், அடுத்த பெரிய மோட்டார் சைக்கிளுக்குத் தகப்பனிடம் கேட்கிற காசை வேறு விதமாகக் கேட்பார்கள்.

ஆயத்தமும் பெரிய வித்தை இல்லை. பிறேக் கட்டை, பிறேக் எண்ணெய், சங்கிலி, ரயர் எல்லாம் நல்ல நிலையில் இருக்க வேண்டும். எண்ணெய் ஒழுகக் கூடாது. கண்ணாடிகளைக் கழற்று அல்லது ரேப் ஒட்டு, விளக்குகளுக்கும் ஒட்டு. உடைந்தால் சில்லுகள் பாதையில் கொட்டக் கூடாது. தோல் உடுப்பு ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது இரண்டும் ஸிப்பால் பூட்டப்பட வேண்டும். முதுகுக் கவசம் அவசியம். ரயர் காற்றைப் பயிற்றுநர் சொல்கிறபடி வை, வீட்டுக்கு வெளிக்கிட முன்னம் திரும்ப றோட்டு அளவுக்கு அடி. ஒவ்வொரு நட்டையும் கையால் தொட்டுப் பார். இது மிகைப்படுத்தல் இல்லை. எங்கள் நகரத்தில் 1901இல் இருந்து ஓடுகிற தொங்கு ரெயின், உலகத்திலேயே பாதுகாப்பானது என்று பெயர் எடுத்தது. 1999 ஏப்ரல் 12 விடியற்காலை, இரவு திருத்த வேலை செய்தவர்கள் பாதையில் கழற்றாமல் விட்ட ஒரு இரும்புப் பிடியில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது. ஐந்து பேர் செத்தார்கள். மறந்துபோன ஒரு இரும்புத்துண்டு போதும்.

இனி நூர்பூர்க்றிங் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் பொடியள் விடமாட்டார்கள். 20.8 கிலோமீற்றர் வடக்குச் சுற்று, எழுபதுக்கு மேல் வளைவுகள். 1927 ஜூனில் அதைத் திறந்தபோது முதல் நாள் ஓடியதே மோட்டார் சைக்கிள்கள்தான். கனகாலமாக ஒரு சுற்றுக்கு முப்பது யூரோ அளவில் கட்டிவிட்டு யாரும் தன் வாகனத்தோடு உள்ளே போகலாம் என்று இருந்தது. 2025 பருவத்தில் இருந்து அந்தச் சுற்றுலா ஓட்டத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுப்பதில்லை என்று நிர்வாகம் நிறுத்திவிட்டது. மோட்டார் சைக்கிளுக்கென்று தனியாக நடக்கிற பயிற்சிகளில் மட்டும் ஓடலாம். உடனே "எங்கள் உரிமை போச்சுது" என்று ஒரே ஒப்பாரி.

நான் ஒப்பாரி வைக்கவில்லை. அது ஒருநாளும் ட்ராக் நாளாக இருந்ததில்லை. சட்டப்படி அது கட்டணம் வாங்குகிற ஒருவழி றோட்டு. றோட்டு விதிகள்தான் செல்லும், நேரம் எடுக்கவும் கூடாது. பயிற்றுநர் இல்லை, குழு பிரிப்பு இல்லை. மணிக்கு 250இல் வருகிற காரும், முதல் தடவை வந்த 19 வயதுப் பொடியனின் மோட்டார் சைக்கிளும் ஒரே வளைவுக்குள். கார்க்காரன் பிழை விட்டால் தகரம் நசியும், நாங்கள் பிழை விட்டால் எலும்பு நசியும். மூடியது சரி. என் கோபம் வேறு: முப்பது யூரோக் கதவை மூடின நாடு, முப்பது யூரோவுக்குப் பயிற்சிக் கதவு ஒன்றைத் திறக்கவில்லை. ஒரு நாள் பயிற்சிக்குச் சில நூறு யூரோ வேண்டும். வசதி இல்லாத பொடியன் திரும்பவும் ஆற்றோர றோட்டுக்குத்தான் போவான்.

ஊரில் இது புதுமை இல்லை என்றும் சொல்ல வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகளாகப் பந்தயம் நடந்தது. றோட்டில் ஓடின என்ஃபீல்டும் யெஸ்டியும் தான் அங்கேயும் ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ட்ராக் வந்தது. இலங்கையில் கட்டுக்குருந்த விமான ஓடுபாதையிலும் அப்படித்தான். ட்ராக் பக்கத்தில் இருந்தும் சென்னைப் பொடியள் இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் சாகிறார்கள். அங்கேயும் இங்கேயும் வருத்தம் ஒன்றுதான்.

இனி எதிர்க் கேள்விகள். "அங்கேயும் விழுவார்கள்தானே?" விழுவார்கள். எலும்பு முறிந்தவர்கள் இருக்கிறார்கள், செத்தவர்களும் இருக்கிறார்கள். பஞ்சு மெத்தை என்று நான் சொல்லவில்லை. "காப்புறுதி?" வழமையான காப்புறுதி ட்ராக்கில் செல்லாமல் போகலாம். போக முன்னம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "படித்துவிட்டு இன்னும் வேகமாக ஓடினால்?" இதுதான் உண்மையான கேள்வி. நோர்வேயில் 1980களில் இளம் சாரதிகளுக்கு வழுக்கும் பாதையில் பயிற்சி கொடுத்தபோது, பொடியன்கள் மத்தியில் விபத்துக் குறையாமல் கூடியது என்று ஆய்வு வந்தது. தெரியும் என்ற எண்ணம் திறமையை விட வேகமாக வளர்ந்துவிட்டது. ஆகவே முதலில் கிறேவன்புறோயிக்கில் உள்ள ஏ.டி.ஏ.சி. பயிற்சித் திடல் போன்ற இடத்தில் மெதுவான வேகத்தில் பிறேக்கும் திருப்பமும் பழகட்டும். அதற்குப் பிறகு பயிற்றுநரோடு ட்ராக். நேரம் எடுக்கிற கருவி வீட்டில் இருக்கட்டும்.

"காசு?" என்று கேட்கிறவர்களுக்குத்தான் எனக்குப் பொறுமை இல்லை. சாமத்தியவீட்டுக்கு மண்டபம் எடுத்து, ஹெலிகொப்டரில் பூப் போடுகிற சனம் நாங்கள். பத்தாயிரம் யூரோ மோட்டார் சைக்கிளுக்குக் கடன் கையெழுத்து வைக்கிறோம். அதை நிற்பாட்டப் படிக்கிறதுக்கு முந்நூறு யூரோ வீண்செலவாம்.

எங்கள் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் உதைபந்தாட்டம் வைக்கிறீர்கள், நடன விழா வைக்கிறீர்கள், எல்லாம் நல்லது. லைசன்ஸ் எடுத்த பொடியளையும் பெட்டையளையும் சேர்த்து, வருடத்தில் ஒரு நாள் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். குழுவாகப் போனால் செலவும் குறையும், பெருமைக்காரனும் மற்றவனுக்கு முன்னால் பயிற்றுநர் சொல்வதைக் கேட்பான். செத்தவீட்டுக்குக் காசு சேர்க்க எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதே உண்டியலை இதற்கு ஒருதரம் குலுக்கிப் பாருங்கள்.

அடுத்த முறை மகன் புது மோட்டார் சைக்கிள் கேட்டால் எத்தனை சிசி என்று கேட்காதீர்கள். இப்ப இருக்கிறதைச் சரியாக நிற்பாட்டத் தெரியுமோ, எங்கே படித்தாய் என்று கேளுங்கள்.