லைக் எண்ணிக்கையும் ஜனங்களின் அபிப்பிராயமும்

நம்மவருள் கற்றறிந்தோர் பலர் இந்நாளில் ஐயமின்றி நம்புகிற கூற்று ஒன்று உண்டு. ஜனங்களின் அபிப்பிராயத்தை அறிய இனி வீதிவீதியாக அலைய வேண்டியதில்லை. பேஸ்புக் முதலிய தளங்கள் தங்கள் தகவற்கிடங்கிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ள ஏபிஐ என்னும் வாயிலை வைத்திருக்கின்றன. அதன்வழியாகப் பதிவுகளையும், ஒவ்வொன்றும் பெற்ற லைக்குகளின் எண்ணிக்கையையும் சிறியதொரு நிரலைக்கொண்டு திரட்டிக் கூட்டிப் பார்த்தால், சமுதாயத்தின் மனம் தெளிவாக விளங்கிவிடும் என்பதே அது. தேர்தல் காலத்திலும், மானியம் ஒதுக்கும் காலத்திலும், எந்தக் குறையை முதலில் கவனிப்பது என்று ஆலோசிக்கும் வேளையிலும் இக்கூற்று பிரமாணமாகவே எடுத்தாளப்படுகிறது. இதை அங்கம் அங்கமாக மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறுப்புக்கு வேண்டிய உதாரணம் மலேசியாவின் டெங்கில் வட்டாரத்திலேயே இருக்கிறது. சிப்பாங் மாவட்டத்தின் டெங்கில் முக்கிமில்தான் 1997ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட சைபர்ஜெயா நகரம் அமைந்துள்ளது. சமூக ஊடகங்களுக்கு உரிமம் வழங்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் தலைமையகம் அங்கேதான் நிற்கிறது. அதே டெங்கிலில், புத்ராஜெயா நகரம் எழும்பும்பொருட்டு 1990களில் பிராங் பெசார், கேலோவே, செட்ஜ்லி, மெடிங்லி என்னும் நான்கு தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் குடியேறிய தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியும் இருக்கிறது. சுவரில் விரிசல் கண்ட அந்த வீடுகளிலிருந்து, சொந்தத் தரைவீடு வேண்டும் என்னும் கோரிக்கை கால் நூற்றாண்டாக எழுப்பப்பட்டு வந்திருக்கிறது. இவ்விதமான ஜனங்களின் குறை எவ்வளவு பெரியது என்ற வினாவுக்கு லைக் கணக்கு விடை சொல்லுமா என்பதே நம்முன் உள்ள விஷயம்.

முதலாவது வாதம்: நிறுவனத்தின் கிடங்கிலிருந்தே நேராக வருவதால் அந்த எண் துல்லியமானது என்பது. பேஸ்புக்கின் கிராப் ஏபிஐயிடம் ஒரு பக்கத்தின் பதிவுகளைக் கேட்பவர் காண்பது என்ன? அனுமதி டோக்கனைக் காட்டி, பக்கத்தின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் வந்த லைக் முதலிய குறிகளின் மொத்தத் தொகையைக் கேட்டால், ஒரு தடவைக்கு அதிகம் போனால் 100 பதிவுகள் வரும். அடுத்த தொகுதிக்கு வழிகாட்டும் சுட்டி ஒன்று கூடவே வரும். அதைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஆயினும் ஓர் ஆண்டுக்குச் சுமார் 600 பதிவுகளே, அவையும் தரவரிசைப்படுத்தப்பட்டவையே, கிடைக்கும் என்று நிறுவனத்தின் ஆவணமே சொல்லியிருக்கிறது. நாளைக்கு ஐந்து செய்தி போடும் பத்திரிகைப் பக்கத்துக்கு ஆண்டில் ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட பதிவுகள் சேருமாதலால், மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். அந்தப் பங்கைப் பொறுக்கியவரும் நாமல்லர். வருகிற தொகையும் கேட்ட கணத்தின் தொகையேயன்றி, நேற்று லைக் போட்டு இன்று எடுத்துக்கொண்டவரைப் பற்றி ஒன்றும் உரைப்பதில்லை. இன்ஸ்டாகிராமில் பதிவிட்டவர் எண்ணிக்கையை மறைத்திருந்தால், பிறர் கேட்கும்போது அந்தப் புலமே விடுபட்டு வரும். யூடியூப் 2019 முதல் சந்தாதாரர் தொகையைத் தோராயமாகச் சுருக்கியே தருகிறது. பிடிக்கவில்லை என்னும் குறியின் கணக்கை 2021 டிசம்பரில் ஏபிஐயிலிருந்தும் அடைத்துவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால் எடைபோட்ட காலத்தில், தராசைப் பிடித்தவர் கிராணி என்னும் கணக்கர் என்பதைத் தொழிலாளி ஒருபோதும் மறந்ததில்லை. இங்கும் தராசு நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது வாதம்: பேச்செல்லாம் சமூக ஊடகத்தில்தான் நடைபெறுகிறது, ஆகவே எதுவும் விடுபடாது என்பது. தனிமனிதர் தம் சொந்தப் பக்கத்தில் நண்பர்க்கென எழுதுவதை ஏபிஐ பிறர்க்குத் தருவதில்லை, தருவதும் நியாயமன்று. பேஸ்புக் குழுக்களுக்கென இருந்த ஏபிஐ 2024 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடும்பங்கள் தண்ணீர்த் தடையையும் மின்தூக்கிப் பழுதையும் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தையும் பற்றிப் பேசிக்கொள்வது பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்களில். அந்தப் பேச்சு எந்த நிரலுக்கும் எட்டாது. எட்டுகிற பொதுப் பதிவுகளிலும் வேறொரு தடங்கல் உண்டு. இந்நாட்டில் நம் இளைஞர் தமிழை ரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக, இடையிடையே மலாயும் ஆங்கிலமும் கலந்து தட்டச்சு செய்கிறார்கள். தமிழ் எழுத்தில் ஒரு சொல்லைக் கொடுத்துத் தேடும் நிரல் அவர்களைக் கடந்து போய்விடுகிறது. இவ்வாறு விடுபட்டவர்களை மௌனமானவர்கள் என்று கணக்கில் எழுதிவிட்டு, அந்த மௌனத்தைத் திருப்தியென்று அர்த்தப்படுத்துவது பெரும் அநீதியாகும்.

மூன்றாவது வாதம்: லைக் என்பது சம்மதத்தின் அடையாளம் என்பது. ஊர்ப்பெரியவர் ஒருவர் காலமான செய்தியைப் பக்கத்தில் போட்டால் நூற்றுக்கணக்கில் லைக் விழுகிறது. அது மரணத்தை விரும்பியதன்று, செய்தியைக் கண்டேன், துக்கத்தில் பங்குகொள்கிறேன் என்பதேயாம். 2016 பிப்ரவரியில் அன்பு, சிரிப்பு, வியப்பு, வருத்தம், கோபம் என்னும் குறிகள் சேர்ந்தபின்பும், மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வாங்குவோர் இவை யாவற்றையும் ஒரே எண்ணாகக் கரைத்துவிடுகின்றனர். வீடு கிடைக்காத கோபமும் வீடு கிடைத்த மகிழ்ச்சியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. மேலும், எந்தப் பதிவு எத்தனை பேர் கண்ணில் படவேண்டும் என்று தீர்மானிப்பது நிறுவனத்தின் தரவரிசை முறை. 2017இல் அம்முறை கோபக்குறி முதலியவற்றுக்கு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பளித்தது என்பதும், பின்னர் 2020இல் கோபக்குறியின் மதிப்பைச் சூன்யமாக்கியது என்பதும் 2021இல் வெளியான உள் ஆவணங்களால் உலகறிந்த செய்தி. காட்டப்படாத பதிவுக்கு லைக் எவ்வாறு விழும்?

காசு கொடுத்து வாங்கும் லைக்குகளையும் இதனுடன் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹோண்டுராஸ் நாட்டு அதிபராயிருந்த ஹுவான் ஓர்லாண்டோ எர்னாந்தேஸின் பதிவுகள் 2018இல் ஆறு வார காலத்தில் பெற்ற 59,100 லைக்குகளில் 46,500, அதாவது நூற்றுக்கு எழுபத்தெட்டுக்கு மேல், போலியானவை என்று பேஸ்புக்கில் பணிபுரிந்த சோஃபி ஜாங் கண்டறிந்ததைக் கார்டியன் பத்திரிகை 2021இல் வெளியிட்டது. வெளியிலிருந்து ஏபிஐ வழியாகக் கேட்டவருக்கு மெய்யும் பொய்யும் கலந்த மொத்தமே கிடைத்திருக்கும். நிறுவனத்துக்குள்ளிருந்து பார்க்க முடிந்த ஒருவருக்கே உண்மை தெரியவந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

நான்காவது வாதம்: எண் பெரிதாயிருந்தால் விஷயமும் பெரிது என்பது. இதுவே சிறுபான்மைச் சமுதாயத்துக்கு மிகுந்த கேடு விளைப்பது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர் 6.7 விழுக்காட்டினர்; அவருள் தமிழில் வாசிப்போர் அதனினும் குறைவு. இருபதிற்கு ஒருவரோ இருவரோ பேசும் மொழியில் எழுதப்பட்ட விண்ணப்பம், அதைப் படித்தவர் அனைவருமே லைக் போட்டாலும், நாடு முழுதும் சிரித்து மகிழ்ந்த சமையற் காணொளி ஒன்றின் தொகையில் நூற்றில் ஒரு பங்கைத் தொடாமல் போகலாம். மொத்தத் தொகையால் வரிசை செய்யும் எந்தப் பட்டியலிலும் தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டவரின் குறை அடியில்தான் கிடக்கும். விரிசல் கண்ட சுவரின் கீழ் உறங்கும் குழந்தையின் ஆபத்து, அதை எத்தனை பேர் விரும்பினர் என்பதைப் பொறுத்ததா? நியாயத்தின் அளவுகோல் வேறு, பிரபலத்தின் அளவுகோல் வேறு.

ஐந்தாவது வாதம்: இவை பகிரங்கமான தகவல்கள், எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம் என்பது. ஒரு காலத்தில் ஓரளவு அவ்வாறிருந்தது, இன்று இல்லை. பத்திரிகையாளர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் பொதுப் பதிவுகளின் போக்கைக் காட்டிவந்த கிரவுட்டேங்கிள் என்னும் கருவியைப் பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14ஆம் நாள் மூடிவிட்டது. அதற்கு மாற்றாக வைக்கப்பட்ட உள்ளடக்க நூலகம், விண்ணப்பித்துத் தேர்வு பெற்ற ஆய்வாளர்க்கே திறக்கும். பிறருடைய பொதுப் பக்கத்தின் பதிவுகளைக் கிராப் ஏபிஐயில் படிக்க நிறுவனத்தின் பரிசீலனையைக் கடந்து சிறப்பு அனுமதி பெற வேண்டும். ட்விட்டர் 2023இல் ஏபிஐ வழியான இலவச வாசிப்பை நிறுத்திக் கட்டணம் விதித்தது; எக்ஸ் என்று பெயர் மாறியபின் 2024 ஜூனில் யார் எதற்கு லைக் போட்டனர் என்பதையும் மறைத்தது. சிற்றிதழ் நடத்தும் தமிழாசிரியர் ஒருவர் இவ்வாயில்களில் எதைக் கடக்கவல்லவர்? பணமும் செல்வாக்கும் உடையோர் சொல்லும் எண்ணை ஏழைகள் சரிபார்க்க இயலாதெனில், அந்த எண்ணைப் பகிரங்கமென்று கூறுவது பொருந்தாது.

இதற்கு எதிர்வாதமாக, கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் நிறுவனத்தின் விவகாரத்தில் 8 கோடியே 70 லட்சம் பேஸ்புக் பயனர் வரையிலானோரின் தகவல் முறைகேடாகப் பெறப்பட்டது என்பது 2018இல் வெளிப்பட்டதைச் சுட்டி, கதவடைத்தது தனிமனித அந்தரங்கத்தைக் காக்கவே என்பார் உளர். அந்தரங்கம் காக்கப்படவேண்டும் என்பதில் எனக்கு அணுவளவும் ஆட்சேபமில்லை. ஆனால் அன்று களவு போனவை தனிமனிதரின் விவரங்கள். ஆய்வாளர் இன்று கேட்பவையோ பொதுப் பக்கங்களின் பதிவுகளும் மொத்தத் தொகைகளும். முன்னதைப் பூட்டுவதற்குப் பின்னதையும் சேர்த்துப் பூட்ட வேண்டிய அவசியமில்லை.

ஏபிஐ பயனற்றதென்று நான் சாதிக்கவில்லை. ஒரே பக்கத்தின் பதிவுகளைத் தம்முள் ஒப்பிடவும், எந்நாளில் எச்செய்தி பரவிற்று என்று குறித்துக்கொள்ளவும், ஒரே வாசகம் பல பக்கங்களில் ஒரே நாழிகையில் தோன்றுவதைக் கண்டு சூழ்ச்சியை ஐயுறவும் அது நல்ல துணை. அபிப்பிராயத்துக்கு அதைச் சாட்சியாக்குவதையே மறுக்கிறேன்.

ஆகவே செய்யத்தக்கவை இரண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தால், மிகப்பெரிய தளங்கள் பொதுத் தகவலைத் தகுதியுள்ள ஆய்வாளர்க்குத் தரவேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. கிரவுட்டேங்கிளை மூடும் முடிவையும் காரணங்காட்டி 2024 ஏப்ரலில் மெட்டாமீது விசாரணையும் தொடங்கியது. மலேசியாவில் 80 லட்சம் பயனர்க்கு மேல் உடைய தளங்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் உரிமம் கட்டாயமாகியிருக்கிறது. முதலாவதாக, ஐரோப்பிய ஒன்றியம் இட்டது போன்ற நிபந்தனையை அந்த உரிமத்தோடு இங்கும் விதிக்குமாறு சைபர்ஜெயாவில் அமர்ந்திருக்கும் ஆணையத்தைப் பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் வற்புறுத்த வேண்டும். இரண்டாவது, நம் சங்கங்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் ஒரு குடியிருப்பின் குறையை அறிய விரும்பினால் திரையை மூடிவிட்டுப் படியேறி, கதவுதோறும் நின்று, வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, எந்தச் சுவரில் விரிசல், எந்த ஆண்டு என்ன வாக்களிக்கப்பட்டது என்று கேட்டெழுதி, அக்கணக்கைக் குடியிருப்பாளர் முன்னிலையில் வாசித்துக் காட்ட வேண்டும். பிழையிருந்தால் அவர்களே எழுந்து திருத்துவார்கள். சொல்லியவரே திருத்தக்கூடிய கணக்குத்தான் ஜனங்களின் அபிப்பிராயம் என்னும் பெயருக்கு உரியது.