குடைக்கு எண்ணெய் போட்ட பையன்



குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் கடிதம் போட்டிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்:

"ஐயா, என் மகன் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று வாசிப்பான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் மெச்சுவார்கள். போன வாரம் கோயில் திருவிழா நோட்டீஸைக் கொடுத்து, பூசை எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொன்னேன். ஒரு வரிகூட வரவில்லை. எனக்கும் எழுத்துத் தெரியாது. இந்தக் கடிதத்தைப் பக்கத்து வீட்டு அக்கா மகள்தான் எழுதுகிறாள். பையன் என்னை ஏமாற்றுகிறானா, பள்ளிக்கூடத்தில் எங்களை ஏமாற்றுகிறார்களா?"

அம்மா, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உங்கள் மகனுக்குச் செவி கூர்மை. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்கிறது. பத்துத் தடவை சொன்னால் அந்தப் பக்கம் அவன் நாக்கில் ஏறிவிடுகிறது. பிறகு புத்தகம் எதற்கு? படத்தைப் பார்த்தாலே போதும், பாட்டு வந்துவிடும்.

ஒரு சோதனை சொல்கிறேன். எழுத்துத் தெரியாத தாயும் செய்யலாம். படத்தைக் கையால் மூடுங்கள். பக்கத்தின் அடிப்பகுதியில் ஏதாவது ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேளுங்கள். பையன் மேலே ஓடி முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டே இறங்கி வந்து அந்தச் சொல்லைப் பிடித்தால், அவன் கண்ணால் வாசிக்கவில்லை. காதால் வாசிக்கிறான் என்று அர்த்தம்.

இது திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வருகிற பழக்கம். ஆனால் ஒன்று. அந்தக் காலத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே சொன்னார்கள். நாம் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு மணலை விட்டுவிட்டோம்.

மற்றவர்களைக் குறை சொல்லும்முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் ஜொகூரில் ஒரு சின்னத் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பதினொரு பிள்ளைகள். 1988இல் வந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வுதான் அப்போது எங்களுக்கு எல்லாமே. (அந்தத் தேர்வு 2019இல் கடைசியாக நடந்து, 2021இல் கைவிடப்பட்டுவிட்டது. இளைய தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்.) கட்டுரைத் தாளுக்கு நான் கண்ட வழி மாதிரிக் கட்டுரை. 'நான் ஒரு மிதிவண்டி', 'ஆற்றங்கரையில் ஒரு மாலை', 'என் குடும்பச் சுற்றுலா' என்று இருபது கட்டுரைகளைப் படியெடுத்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். சுற்றுலா என்றால் என்னவென்றே அறியாத பிள்ளைகள் அவை!

வகுப்பில் ஒரு பையன். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். பையனுக்கு வாசிப்பு வராது. மனப்பாடம் மட்டும் எப்படியோ வரும். மாதிரித் தேர்வில் 'நான் ஒரு குடை' என்று தலைப்பு வந்தது. அவன் எழுதியிருந்தான்: நான் ஒரு குடை. என் எசமானர் வாரந்தோறும் என் சங்கிலிக்கு எண்ணெய் போடுவார். என் இரண்டு சக்கரங்களையும் துணியால் துடைப்பார்.

ஆசிரியர் அறையில் அதை உரக்க வாசித்துக் காட்டிச் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு நாள் அவன் பள்ளிக்குத் தாமதமாக வந்தான். அதட்டிக் கேட்டேன். "மட்டை வுழுந்துருச்சு சார். அப்பாவுக்குத் தோள்ல அடி. அப்பா ஒண்ணும் பேசல. அம்மாதான் அழுதுச்சு. நான் அருவாள எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன்" என்றான்.

எனக்கு என்ன தோன்றிற்றோ, அவன் சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதினேன். "வாசி" என்றேன். ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து முழுவதையும் வாசித்தான். 'ஒளிச்சு' என்ற சொல்லில் மட்டும் தயங்கினான். வாசித்து முடித்துவிட்டு, "இத எங்கப்பாகிட்ட கொண்டுபோய்க் காட்டலாமா சார்?" என்று கேட்டான். ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் வந்து சொன்னான்: "மூணு வாட்டி படிக்கச் சொன்னாரு சார். அப்புறம் அருவா எங்கடான்னு கேட்டாரு."

அந்த வருடத் தேர்வில் எழுத்துத் தாளில் அவன் வாங்கியது 'டி' தான். ஆறு வருடம் விட்டுப்போனதைச் சில மாதங்களில் சரிக்கட்ட முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் மாதிரிக் கட்டுரை கொடுக்கவில்லை.

நான் பெரிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்திருந்தேன். பிற்பாடுதான், எனக்கு வெகுகாலம் முன்பே நியூசிலாந்தில் ஓர் அம்மையார் இதை ஒழுங்காகச் செய்து, 'டீச்சர்' என்று 1963இல் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார் என்று தெரிய வந்தது. அவர் சில்வியா ஆஷ்டன்-வார்னர். மாவோரி இனத்துப் பிள்ளைகளுக்கு நாட்டுப்புறப் பள்ளியில் பாடம் சொன்னவர். வெள்ளைக்காரக் குடும்பத்தைப் பற்றிய வாசிப்புப் புத்தகம் அந்தப் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. ஆகவே காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, "இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதைக் கெட்டி அட்டையில் பெரிதாக எழுதிக் கையில் கொடுத்துவிடுவார். மறுநாள் அந்தப் பிள்ளை அந்த அட்டையை அடையாளம் கண்டால் அது அதன் சொத்து. காணாவிட்டால், அது அந்தப் பிள்ளைக்கு வேண்டிய சொல் இல்லை என்று அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார். பிள்ளைமேல் குற்றம் சொல்ல மாட்டார்.

நம் பிள்ளைகளைக் கேட்டால் என்ன சொல் கேட்பார்கள்? மங்கு, பாம்பு, பேய், நாய், பந்து என்பார்கள். பாட்டி பெயரைக் கேட்பார்கள். கோத்தா திங்கி, குளுவாங் பக்கத்துப் பிள்ளை 'யானை' என்று கேட்கும். பாடநூலில் யானை ஒரு படம். இந்தப் பிள்ளைக்கோ அது வீட்டுக்குப் பின்னால் வாழையைச் சாய்த்துவிட்டுப் போனது. அந்தச் சொல்லை அது மறக்குமா?

அதற்காக எழுத்து முறையை விட்டுவிடச் சொல்லவில்லை. சொந்தச் சொல் ஆசையைக் கொடுக்கும். புதுச் சொல்லைத் தானே பிரித்து வாசிக்க எழுத்துத்தான் வேண்டும். நம்முடைய 247 எழுத்தையும் அட்டவணையாக மாட்டி வைத்து, 'அ'விலிருந்து வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் பிள்ளை மலைத்துப்போகும். ட, ப, ம என்ற மூன்று எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு புள்ளி வைக்கத் தெரிந்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். முதல் வாரத்திலேயே நான்கு சொல்! பிறகு 'க' சேர்ந்தால் பக்கம், மக்கம் என்று போகும். மக்கம் என்று ஒரு சொல் உண்டா என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும். எழுத்தைச் சேர்த்து ஒலிக்கக் கற்றுக்கொண்டதால்தானே அந்தச் சண்டை வருகிறது?

இனி, ஆசிரியர்களோடு எனக்கு இருக்கிற ஒரு வழக்கு. பிள்ளை சொல்வதைப் பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். என் பதில்: முதலில் சொன்னபடியே எழுதுங்கள். 'எங்கம்மா மங்கு கழுவுச்சு.' பிள்ளை அதை வாசித்து, இது நான் சொன்னது என்று முகம் மலர்ந்த பிறகு, அதன்கீழே 'என் அம்மா மங்கு கழுவினார்' என்று எழுதி, புத்தகத்தில் இப்படி வரும் என்று காட்டுங்கள். வீட்டுத் தமிழும் ஏட்டுத் தமிழும் அடுத்தடுத்த வீடுகள் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். "தப்பாகப் பேசாதே" என்று தொடங்கினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வாய் மூடிய பிள்ளை என்னத்தை எழுதும்?

திருத்துவதிலும் நாம் அளவு தெரியாதவர்கள். ஒரு தாளில் லகர ளகர ழகரம், னகர ணகரம், ஒற்று, காற்புள்ளி எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டால், தாள் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வாரத்துக்கு ஒரு பிழை. இந்த வாரம் 'பளம்' மட்டும் 'பழம்' ஆகட்டும். மற்றவை அடுத்த வாரம் அங்கேயேதான் இருக்கும், ஓடிவிடாது.

"கூட்டு வகுப்பில் இதையெல்லாம் எப்படிச் செய்வது?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகள் நம்மிடம் நிறைய. இரண்டாம் ஆண்டையும் மூன்றாம் ஆண்டையும் ஒரே அறையில் வைத்து ஒரே ஆசிரியர் மல்லுக்கட்டுகிறார். நான் சொல்கிறேன், இந்த வேலைக்குக் கூட்டு வகுப்புத்தான் வசதி. சின்னவன் சொல்லட்டும், பெரியவன் எழுதட்டும், பிறகு சின்னவன் வாசிக்கட்டும். பெரியவன் தப்பாக எழுதியிருந்தால் சின்னவனே, "அண்ணே, நான் இப்பிடிச் சொல்லல" என்று பிடித்துவிடுவான். இதைவிடப் பெரிய இன்ஸ்பெக்டர் யார்?

எழுதிய தாளை என்ன செய்வது? நோட்டுப் புத்தகத்துக்குள் புதைத்துவிடாதீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று ஒரு முறை கொண்டுவந்து, பிறகு தமிழ்நாடு முழுவதற்கும் விரிவாக்கினார்கள். அதில் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு காரியம் பிடித்திருந்தது. சுவரைச் சுற்றிப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம். மற்றது, வகுப்பறையின் குறுக்கே கம்பி கட்டி, பிள்ளைகள் செய்ததை அதில் தொங்கவிடுவது. கம்பிப் பந்தல் என்று அதற்குப் பெயர். துணி காயப்போடும் கயிறும் நான்கு பிடிப்பானும் எந்தத் தோட்டத்தில் கிடைக்காது? தன் தாள் தலைக்குமேல் ஆடுவதைப் பார்க்கிற பிள்ளை மற்றவன் தாளையும் அண்ணாந்து வாசிக்கும். புத்தகம் படித்ததாகக் கணக்குக் காட்ட, பின்னட்டையில் உள்ளதைப் பார்த்து 'நிலாம்' ஏட்டில் எழுதுகிற பழக்கம் சில பிள்ளைகளிடம் உண்டு. அதைவிட இந்தக் கயிற்று வாசிப்பு மெய்யானது.

யாராவது வாசிக்கிறார்கள் என்றால்தான் எழுதுகிறவனுக்குக் கை ஓடும். பெரியவர்களுக்கும் அப்படியே. 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். பத்திரிகையே பள்ளிக்கூடம்! அதில் எழுதிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் இந்நாட்டுச் சிறுகதையில் பெயர் எடுத்தார்கள். அந்த நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அதற்கு வருந்தி ஒரு தனிக் கட்டுரை எழுத வேண்டும்; இங்கே இடமில்லை.

கடிதம் எழுதிய தாய்க்கு வருகிறேன். அம்மா, எழுத்துத் தெரியாது என்று நீங்கள் ஒதுங்க வேண்டாம். வேலை முடிந்து வந்து அடுப்படியில் இருக்கும்போது, உங்கள் சின்ன வயதுக் கதை ஒன்றை மகனுக்குச் சொல்லுங்கள். பெரட்டுக்குப் போனது, காண்டா வாளி தூக்கியது, ஆயாக் கொட்டகையில் தம்பியை விட்டுவிட்டு அழுதது, எதுவானாலும் சரி. அதில் இரண்டே வரியை அவன் எழுதி, உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். சொன்னவர் நீங்கள் என்பதால், அவன் மாற்றி வாசித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்ற நாள்களில் கலியாணப் பத்திரிகை, நாட்காட்டித் தாள், அரிசிப் பையின்மேல் இருக்கிற எழுத்து என்று கண்ணில் பட்டதைக் கொடுங்கள். தாத்தாவின் பழைய புத்தகத்தைக் கொடுத்து, அவன் 'லை', 'ணை'யில் திணறினால் கோபிக்காதீர்கள். அந்தக் காலத்தில் அவற்றுக்குத் தும்பிக்கை இருந்தது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்தைச் சீர்திருத்தியபோது அது போயிற்று; பிறகு இங்கும் போயிற்று. அவன் அதைப் பார்த்ததே இல்லை.

பள்ளிக்குப் போய் வகுப்பாசிரியரையும் ஒரு தடவை பாருங்கள். சண்டைக்கு அல்ல. நோட்டீஸ் சங்கதியை அப்படியே சொல்லுங்கள். அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்கும் அன்றைக்குத் தெரியாமல்தான் இருந்தது.

உங்கள் மகன் எழுதும் அந்த இரண்டு வரியை இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வையுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். திருத்தாமல் அப்படியே போடும்படி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். முதலில் முடியாது என்றார். பிறகு குடைக் கதையைச் சொன்னேன், சரி என்றார்.

சிகாமட்டிலிருந்து வந்திருக்கும் கடிதத்துக்கு, புகுமுக வகுப்பில் மகள் தமிழ் படிப்பது பற்றியது, அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.