முதலில் குழாய், அடுத்த எந்திரம் பிறகு!

மரத்தூளைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை.

பாம்பைக் கண்டால் ஓடுகிறவர்கள், மரத்தூளை வாயால் "பூ" என்று ஊதித் தள்ளுகிறார்கள். தலையில் படிந்தால் துண்டால் தட்டிவிடுகிறார்கள். அத்தோடு சரி.

இன்று பல வீடுகளின் பின்கட்டில் சிறு தச்சுப்பட்டறை இருக்கிறது. மின் ரம்பம் இருக்கிறது. இழைக்கும் எந்திரம் இருக்கிறது. உப்புத்தாள் தேய்க்கும் எந்திரமும் இருக்கிறது. ஆனால் தூளை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் மட்டும் இருப்பதில்லை!

இது தவறு. குழாய் என்பது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

தாத்தா காலம் வேறு

"என் தாத்தா கடைசி வரை மரம் அறுத்தார். அவருக்கு என்ன வந்தது?" என்று சிலர் கேட்பார்கள்.

தாத்தா மரத்தடியில் வேலை செய்தார். கை ரம்பத்தால் அறுத்தார். இழைப்புளியால் இழைத்தார். விழுந்தது பெரும்பாலும் சுருள். காற்றும் தாராளமாக வீசியது.

பேரன் நான்கு சுவர்களுக்குள் வேலை செய்கிறார். மின்சார எந்திரம் மரத்தை மாவாக அரைக்கிறது. அந்த மாவு போக வழியில்லாமல் அறையிலேயே மிதக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பேசலாமா?

கண்ணுக்குத் தெரியாத எதிரி

தரையில் குவிந்து கிடக்கும் தூள் பெரிய ஆபத்து அல்ல. அதைக் கூட்டி அள்ளிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் ஆபத்து.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு ஆக்கினால், ஒரு பங்குக்குப் பெயர் மைக்ரான். தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் குறைந்த தூள், எந்திரத்தை நிறுத்திய பிறகும் வெகுநேரம் காற்றில் நிற்கும். மூச்சோடு மார்புக்குள் போகும். துடைப்பத்தால் பெருக்கினால் மறுபடியும் எழும்பும். பெருக்குகிற தாய்க்கும், பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் ஹைவிகோம் என்று ஓர் ஊர். நாற்காலி செய்வதில் பேர் பெற்ற ஊர். அந்த வட்டாரத்து மரச்சாமான் தொழிலாளர்களுக்கு மூக்கினுள் புற்றுநோய் அதிகமாக வருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். 1968-ல் அதை மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். 1995-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது.

தச்சு வேலை செய்கிற எல்லோருக்கும் அந்த நோய் வரும் என்று அர்த்தம் அல்ல. ஆனால் இருமல், மூக்கடைப்பு, இளைப்பு ஆகியவை பலருக்கு வருகின்றன. தடுக்கக் கூடியதை ஏன் தடுக்காமல் விடவேண்டும்?

குழாய் போடும் முறை

ஒரு மின்விசிறி காற்றை இழுக்கும். காற்றோடு தூளும் குழாய் வழியாக ஓடி ஒரு பையில் விழும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் குழாயைத் தாறுமாறாகப் போட்டால், வாங்கிய விசிறி வீண்.

குழாய்க்குள் காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடவேண்டும். மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் பஸ் ஓடும் வேகம்! வேகம் குறைந்தால் தூள் வழியிலேயே படுத்துவிடும், குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே குழாய் நேராகவும் குட்டையாகவும் இருக்கவேண்டும். ஒடுங்கிய குழாய் உதவாது. 2 அங்குலக் குழாயைவிட 4 அங்குலக் குழாயின் வாய் 4 மடங்கு பெரியது.

சட்டென்று திரும்பும் 'எல்போ' வேண்டாம். இரண்டு 45 டிகிரி வளைவுகளைச் சேர்த்துப் போடலாம். கிளை பிரியும் இடத்தில் 'டீ' வேண்டாம், 'ஒய்' போடவேண்டும். ஓடை ஆற்றில் சாய்வாகச் சேருவதுபோலக் காற்றும் சேரும். மடிப்பு மடிப்பான வளையும் குழாய் காற்றைத் தடுக்கும். எந்திரத்தின் அருகே ஒரு முழம் போதும்.

ஒவ்வொரு கிளையிலும் ஒரு தடுப்புத் தகடு வேண்டும். வேலை நடக்கும் எந்திரத்தின் தகட்டை மட்டும் திறக்கவேண்டும், மற்றவை மூடியிருக்கட்டும். அப்போதுதான் முழு இழுப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும்.

சாதாரணத் துணிப்பையின் கண்கள் வழியாக நுண்ணிய தூள் தப்பிவிடும். எனவே விசிறியையும் பையையும் அறைக்கு வெளியே வைப்பது நல்லது. ஆனால் சமையலறை ஜன்னலுக்கு எதிரே வைக்கக் கூடாது! பட்டறையின் ஜன்னலும் திறந்திருக்கவேண்டும். புதுக்காற்று வந்தால்தான் பழைய காற்று போகும்.

உப்புத்தாள் தேய்க்கும்போது குழாய் இருந்தாலும், முகத்தில் நன்றாகப் பொருந்தும் முகமூடி அவசியம்.

தீ ஜாக்கிரதை!

மரத்தூள் தீப்பிடிக்கும். காற்றில் அடர்த்தியாகக் கலந்திருந்தால் வெடிக்கவும் செய்யும். ஆணி, இரும்புத் துண்டு ஆகியவற்றைக் குழாய்க்குள் விடக் கூடாது. விசிறியில் பட்டால் பொறி பறக்கும். பீடிக்கும் அங்கே இடமில்லை. பையை நிரம்பவிடாமல் அடிக்கடி காலி செய்யவேண்டும்.

செலவு என்பவர்களுக்கு

"இதற்கெல்லாம் பணம் எங்கே?" என்பது நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் போடவேண்டியதில்லை. அதிகத் தூள் கக்கும் எந்திரத்துக்கு முதலில் ஒரு குழாய் போடலாம். மற்றதைப் பிறகு நீட்டலாம்.

ஆனால் ஒன்று. ஓர் எந்திரம் வாங்கியவர், குழாய் போடாமல் இரண்டாவது எந்திரத்துக்கு விலை கேட்கக் கூடாது.

எந்திரத்தைத் தள்ளிப் போடலாம். மூச்சைத் தள்ளிப் போட முடியாது!