விரிஞ்சு நில்லுங்கடா!

நெம்மேலி கடற்கரையில் சாயங்காலம் ஃபுட்பால் ஆடும் பசங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பந்து போகிற பக்கமே அத்தனை பேரும் ஓடுவார்கள். மணல் பறக்கும், சத்தம் பறக்கும், கோல் மட்டும் விழாது. கரையில் நிற்கும் அண்ணன் யாராவது பொறுக்க முடியாமல் கத்துவார்: "டேய், விரிஞ்சு நில்லுங்கடா!"

பெரிய அணிகளின் ஃபார்முலாவும் அதேதான். நாம் அகலமாகப் பிரிந்து நின்றால், தடுக்க வருபவர்களும் பிரிந்துதான் ஆக வேண்டும். நடுவில் வழி திறக்கும். அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பால், பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற வேறு ஆட்டம். அங்கே இந்த உத்திக்குப் பெயரே 'ஸ்ப்ரெட் அஃபென்ஸ்'. 2019 சீசனில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணி இப்படி ஆடித்தான் 15 போட்டிகளையும் ஜெயித்தது. போட்டிக்குச் சராசரியாக 48 புள்ளிகள்!

நம்ம ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு, நாம் உதைத்து ஆடும் ஃபுட்பாலிலேயே. சென்னை சிட்டி எஃப்.சி. 2017-18 ஐ-லீக்கில் 10 அணிகளில் 8-வது இடம். அடுத்த சீசனில் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பந்தைப் பிடித்து வைத்து, மைதானத்தை அகலமாக்கி, தாக்கியே ஆடினார்கள். 20 போட்டிகளில் 48 கோல்கள். பெட்ரோ மான்சி மட்டும் 21.

இதில் ஆபத்தும் உண்டு. எல்லோரும் முன்னேறிப் பரவி நிற்கும்போது பந்து பறிபோனால், பின்னால் வாசல் திறந்து கிடக்கும். 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம், கடைசிப் போட்டி. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா பஞ்சாப் கோல் அடித்துவிட்டது. இடைவேளை வரை பதில் இல்லை. ஆனாலும் தாக்குதலை விடவில்லை. இரண்டாம் பாதியில் மான்சியின் பெனால்டி. பிறகு இரண்டு கோல்கள். இரண்டையும் அடித்தது தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா! 3-1. ஐ-லீக் கோப்பை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது.

வருத்தம் என்னவென்றால், 2021-22 ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. கோப்பை போனாலும் பாடம் மிச்சம் இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் மகனோ மகளோ மைதானத்தின் ஓரத்தில் தனியாக நின்றால், "ஏன் சும்மா நிக்கிறே?" என்று திட்டாதீர்கள். கூட்டாளிக்கு வழி திறந்து கொடுத்துக்கொண்டிருக்கலாம்!